பத்தாவது படங்கு

ஈரத்துணி காய வெயில் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், இன்ஸ்பெக்டர். உண்மையில் வேண்டியது காற்றோட்டம். கண்டியில் ஒரு மழைக்காலத்தைக் கழித்த எவருக்கும் இது தெரியும். கஜலட்சுமிக்கும் தெரியும். அதனால்தான் ஹந்தானையில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த அறையில், துணி காயவைக்கும் கரிச்சட்டி கனலும்போதெல்லாம் இரண்டு ஜன்னல்களும் திறந்தே இருந்தன.

புசல்லாவைத் தோட்டத்தில் பிறந்து பாரிஸில் பெயர் பெற்ற ஓவியர் அவர். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றும் படங்குத் துணியில் தேயிலைச் சாயத்தால் வரைவார். நான் இங்கே பிரெஞ்சு கற்பிக்கிறேன். பிரான்சில் இயங்கும் இன்றைய ஓவியர்களைப் பற்றி அந்த மொழியிலேயே விமர்சனம் எழுதுகிறேன். பதினொரு கட்டுரைகள் கொண்ட என் முதல் நூல் பாரிஸில் அச்சுக்குப் போகவிருந்தது. கடைசிக் கட்டுரை இவரைப் பற்றியது.

விமர்சனம் எப்படி வேலை செய்கிறது என்றால், ஓவியங்களை வரிசையாக வைத்து, அவை எங்கே போகின்றன என்று கவனிக்கிறோம். அவர் அதுவரை வரைந்திருந்த ஒன்பது படங்குகளிலும் உருவங்கள் படிப்படியாக மங்கின. ஒன்பதாவதில் வெறும் கறை. அந்தக் கறையைத் துயரம் என்று வாசித்து, 'இத்துயரத்துக்குப் பின் இவரிடம் மௌனம் மட்டுமே மிச்சம்' என்று முடித்திருந்தேன். இப்போதும் அது நல்ல வாக்கியம்தான்.

அன்று மதியம் அவர் பத்தாவதைக் காட்டினார். மஞ்சள் பின்னணியில் ஏழு பெண்கள், வாய்விட்டுச் சிரித்தபடி.

"இத அடுத்த வருஷம் காட்டலாமே," என்றேன்.

"எதுக்கு சேர்? என்னைய அழுமூஞ்சின்னு எழுதிட்டீங்க, அதுக்காகவா? அந்தக் கறையெல்லாம் எங்க தோட்டத்து மூடுபனி சேர். துயரமாம்! புத்தகம் வர்ற அன்னைக்கே இதத் தொங்கவிடுறேன். திருத்தி எழுதுங்க. பேனா தரவா?"

சிரித்தார். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டிருந்ததால், கனன்றுகொண்டிருந்த கரிச்சட்டிக்குப் பக்கத்தில் பாயில் சாய்ந்தார். "போறப்ப ஜன்னல மட்டும் சாத்திராதீங்க சேர்."

அவர் உறங்கியதும், திருத்துவதைப் பற்றி நான் நிஜமாகவே யோசித்தேன். கடைசி வாக்கியத்தை எடுத்தால் அதை நோக்கி எழுதிய பத்துப் பக்கங்களும் சரிந்துவிடும். கட்டுரை அப்படித்தான் கட்டப்படுகிறது. கரியும் அப்படி ஒன்றை நம்பியே எரிகிறது. காற்றுக் குறைந்தால் அது வேறொரு வாயுவை விடும். அதற்கு மணமில்லை; தூங்குபவரை எழுப்பாது.

இரண்டு ஜன்னல்களையும் சாத்தினேன். வெளிப்படியில் அமர்ந்து அடிக்குறிப்புகளைச் சரிபார்த்தேன். மூன்று பிழைகள் இருந்தன. வேலை முடிந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அந்த மஞ்சள் துணியை மடித்து எடுத்துவந்தேன். என் அலுமாரியில் நீங்கள் கண்டெடுத்தது அதுதான்.

ஆம், அவரைக் கொன்றது நான்தான். ஆனால் யாரையாவது கொண்டு அந்தக் கட்டுரையை மொழிபெயர்த்து வாசித்துப் பாருங்கள். அவரை அவ்வளவு அக்கறையோடு புரிந்துகொண்டவர் வேறு யாருமில்லை.