துரைராசு வீட்டு ரத்தம்

செம்மறியாடு வளர்ப்பதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை சார். அதன் குலப்பெருமையைக் கேட்டுக்கொண்டே வளர்ப்பதுதான் கஷ்டம். என் மாமனார் துரைராசுவிடம் ஒரு கடா இருந்தது. அதன் பாட்டன் எந்தச் சந்தையில் என்ன விலைக்குக் கேட்கப்பட்டது என்று காபி ஆறும்வரை சொல்வார். அப்புறம் தன் பாட்டன் கதைக்கு வருவார். இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

குறுவை அறுத்த ஈர வயலில் மேய்ந்து பட்டிக்கே வயிற்றுப்புழு வந்துவிட்டது. ஆட்டின் ரத்தத்தை உறிஞ்சுகிற புழு. கால்நடை டாக்டர் வானதி வந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஆட்டு ரத்தத்தில் ஹீமோகுளோபின் இரண்டு வகையாம். ஒரு வகை இருந்தால் புழு அவ்வளவாக அசைக்காது. அது தாய் தகப்பனிடமிருந்து குட்டிக்கு வருவது. எங்கள் கடாவுக்கு அது இல்லை. கடாவோடு கொசுறாக வந்த சொறி ஆட்டுக்கு இருந்தது.

"மெஷின் பொய் சொல்லுதும்மா குந்தவை," என்றார் மாமா. கடாவுக்கு மருந்து ஊற்ற விடவில்லை. கடா செத்தது. கண்ணேறு என்றார். சொறி ஆடு இரட்டைக் குட்டி போட்டது.

அந்த மாதமே என் மகள் செம்மொழி, பகலவனைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். கும்பகோணத்தில் பாங்க் ஆபீசர். அவன் தாத்தா எங்கள் வயலில் கூலிக்கு நடவு நட்டவர். மாமா சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டார்.

"அவன் ரத்தம் வேற, நம்ம ரத்தம் வேற."

"எனக்கும் ஓ பாசிட்டிவ், அவருக்கும் ஓ பாசிட்டிவ் தாத்தா."

அவளை மாடி அறையில் வைத்துப் பூட்டினார். துபாயில் இருக்கும் என் கணவர் போனிலேயே அப்பா செய்ததுதான் சரி என்றார். எனக்குக் கோபம் வரவில்லை சார். எந்த ரத்தம் தாங்கும் என்று பார்க்க ஆர்வம்தான் வந்தது.

கார்த்திகை மழையில் மாமா வாய்க்காலில் இறங்கி அடைப்பெடுத்தார். காய்ச்சல் வந்தது, கெண்டைக்கால் வலித்தது. எலிக்காய்ச்சல், மாத்திரையை வேளை தவறாமல் கொடுங்கள் என்றார் ஊர் டாக்டர். நான் வேளை தவறவே இல்லை. கொடுத்தது மட்டும் என் கால்சியம் மாத்திரை.

"நம்ம வீட்டு ரத்தத்துக்கு மாத்திரை எதுக்கும்மா?" என்று அவரே கேட்டார். அதைச் சம்மதமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வானதி ஆட்டுக்குச் செய்வதுபோல, தினமும் மாமாவின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். ஆட்டுக்கு வெளுத்தது, இவருக்கு மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

"என்னம்மா பாக்குற?"

"ரத்தத்தப் பாக்குறேன் மாமா."

"எப்படி இருக்கு?"

"உங்க கடாவுக்கு இருந்த மாதிரியே இருக்கு."

அவருக்கு ஒரே பெருமை. அந்த வாரமே போய்விட்டார். பரம்பரையே இரும்பு உடம்பு என்று பந்தலில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. சாவு வீட்டில் மரியாதை வேண்டும்.

மாடிக் கதவைத் திறந்துவிட்டேன். கருமாதிக்குப் பகலவனை நானே கூப்பிட்டேன். தங்கமான பிள்ளை. வயலில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு அதே வாய்க்காலில் இறங்கி மடை திறந்தான். பிறகு அவனுக்கும் காய்ச்சல். டாக்டர் அதே மாத்திரையைத்தான் எழுதினார். இங்கேயே படுத்துக்கொள்ளுங்கள் தம்பி, மாத்திரை நான் தருகிறேன் என்றேன்.

குப்பையில் கால்சியம் மாத்திரையின் காலி அட்டையையும், பிரிக்காமலே கிடந்த அவன் மாத்திரையையும் பார்த்துவிட்டு, அவனைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும், உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்ததும் செம்மொழிதான். என் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. சின்னப் பெண், கோபம் தணிந்தால் புரிந்துகொள்வாள்.

அவன் பிழைத்துக்கொண்டான் என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம் சார். அப்படியானால் தாராளமாக அவனுக்குப் பெண் கொடுக்கலாம்.