சாப்பாட்டு மணி

மதிப்பிற்குரிய இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

ஜூலை 15 திங்கட்கிழமைப் பத்திரிகையில் நான்காம் பக்கம் வந்த செய்தியில் மூன்று பிழைகள் இருக்கின்றன. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். பிழையோடு ஒரு தாளைக் கோப்பில் சேர்க்க எனக்கு மனசு வராது. அதனால் இதை எழுதுகிறேன்.

முதல் பிழை சின்னது. இறந்துபோன ஜோயல் வாசித்தது ‘பெரிய வயலின்’ என்று போட்டிருக்கிறார்கள். அதன் பெயர் செல்லோ. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு வாசிப்பது. நன்றாகவே வாசிப்பான்.

இரண்டாவது, அவனைச் ‘சென்னையைச் சேர்ந்த சுற்றுலாப் பயணி’ என்று எழுதியிருப்பது. அவன் அருவி பார்க்க வந்தவன் இல்லை. இலஞ்சியில் என் வீட்டில் பதினோரு நாள் விருந்தாளியாக இருந்தான். என் மகள் ஷாரோன் பியானோ, செங்கோட்டை ஆனந்தவள்ளி வயலின், ஜோயல் செல்லோ. மூன்று பேரும் சென்னையில் சேர்ந்து படித்தவர்கள். தென்காசியில் காது கேளாத பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கு வகுப்பறை கட்டுவதற்காகக் கச்சேரி செய்ய வந்தார்கள். இந்த மூன்று வாத்தியமும் சேர்ந்தால் பியானோ ட்ரியோ என்று பெயராம். ஒன்று குறைந்தால் அந்தப் பெயர் கிடையாதாம். இதை எனக்குச் சொன்னது ஜோயல்தான். இரவல் ஆள் வைத்து ஒப்பேற்ற முடியாது அங்கிள், மூன்று பேர் ஒரே மூச்சு விடப் பழக வருஷக்கணக்கில் ஆகும் என்றான். அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

ஷாரோனின் அம்மா இறந்தபோது அவளுக்கு நான்கு வயது. ஒரு பழைய மிஷன் பங்களாவைக் காலி செய்தபோது அங்கிருந்த பியானோவை நான் வாங்கிக்கொண்டேன். பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் இருந்து எட்டு லோடுமேன்கள் வந்து தூக்கினார்கள். வாசற்படியில் இறக்கிவைத்த ஒருவன், “என்ன அண்ணாச்சி, உள்ள யாரும் படுத்திருக்காவளா?” என்று கேட்டான். எல்லாரும் சிரித்தோம். புத்தகத்தைப் பார்த்து நான் முதலில் படித்து, பிறகு அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டே வருஷத்தில் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். அன்று முதல் என் வேலை தாள் திருப்புவது. அவளுக்கு இடது பக்கம் நிற்பேன். அவள் தலையை ஒரு நெல்லளவு அசைப்பாள். நான் திருப்புவேன். பதினாறு வருஷத்தில் ஒருநாளும் பிந்தியதில்லை.

கச்சேரி சனிக்கிழமை மாலை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பள்ளிப் பிள்ளைகளை மேடையிலேயே உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள் பியானோவின் பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டார்கள். மூன்றாவது பகுதியில் தாளின் கடைசி வரி வந்தது. நான் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் தலையசைக்கவில்லை. ஜோயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வில்லைத் தூக்கினான், இவள் மூச்சை இழுத்தாள், தாள் முடிந்த பிறகும் வாசிப்பு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அவளுக்கு எல்லாம் மனப்பாடம். நான் சும்மா ஒருமுறை திருப்பிவைத்தேன். யாரும் கவனிக்கவில்லை, அவளும்தான்.

முடிந்ததும் ஜோயல் மைக்கைப் பிடித்து, செப்டம்பரில் மூன்று பேரும் ஜெர்மனி போகிறோம், இரண்டு வருஷப் படிப்பு, அதற்குப் பிறகும் அங்கேயே இருக்கலாம் என்று சொன்னான். மண்டபம் கைதட்டியது. காது கேளாத பிள்ளைகள் அவர்கள் வழக்கப்படி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். நானும் தட்டினேன்.

வேனில் வரும்போது கேட்டேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே, ஏட்டி.”

“சொன்னா நீங்க சாப்பிடாமக் கெடப்பீங்கப்பா. கச்சேரி முடியட்டும்னு இருந்தேன்.”

“அங்கன தாள் யாரு திருப்புவா?”

அவள் வெளியே பார்த்தாள். ஆனந்தவள்ளிதான் சொன்னாள்: “இப்பம்லாம் ஐபேடு வந்துட்டு மாமா. கால்ல ஒரு பெடல அமுக்குனா தானா திரும்பிரும்.”

“அங்கிள் வேலைய ஒரு பெடல் பாத்துக்கும்,” என்று ஜோயல் சிரித்தான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் கோபம் இல்லை. அவன்மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பள்ளியை நடத்துகிற அறக்கட்டளையின் தலைவர் வல்லிநாயகம் அண்ணாச்சிக்குக் குற்றாலத்துக்கு மேலே ஒரு தோட்டம் இருக்கிறது. அதற்குள் ஆள் வராத சின்ன அருவி ஒன்று. கச்சேரி செய்த மூன்று பேரையும் அங்கே குளிக்கக் கூட்டிப்போகலாம் என்று வெள்ளிக்கிழமையே நான்தான் ஏற்பாடு செய்தேன். அதாவது கச்சேரிக்கு முந்தின நாள். சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்ததும் தோட்டக் காவலாளி மாடனுக்குப் போன் போட்டு, மலையில் மழை எப்படி என்று கேட்டேன். சாதாரண விசாரிப்புதான்.

காலையில் போய் இறங்கியதும் மாடன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். ஜோயல் அந்த நேரம் கேட்டுப் பக்கம் நின்று குரங்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

“அண்ணாச்சி, மேல இருட்டிக்கிட்டுக் கெடக்கு. தண்ணி கலங்கி வந்தா தண்டவாளத்துல ஏழு அடி அடிப்பேன். அடிச்சா ஒரு நிமிசம் நிக்கப்புடாது, துண்டக் கூட எடுக்கப்புடாது. பொம்பளப் பிள்ளையள்ட்ட சொல்லிட்டேன். அந்தத் தம்பிட்ட நீங்க சொல்லிருங்க.”

“சொல்லிருதேன்,” என்றேன்.

தண்டவாளத் துண்டு மாடனின் குடிசை முன்னால் புளியமரத்தில் மணியாகத் தொங்குகிறது. தாங்கள் பார்த்திருப்பீர்கள்.

பெண்கள் குளிக்கத் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் தனி இடம். வல்லிநாயகம் அண்ணாச்சி முழங்கால் வலி என்று கீழேயே உட்கார்ந்துவிட்டார். ஆண்கள் பக்கத்தில் ஜோயலும் நானும்தான். அருவிக்கு வந்தால் எண்ணெய் தேய்க்காமல் குளிப்பது இங்கே வழக்கமில்லை. நானே அவன் முதுகிலும் கை காலிலும் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டேன். இடது கை விரல் நுனி நான்கும் கம்பி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போயிருந்தன. எண்ணெய்க் காலுக்குப் பாறை பிடி கொடுக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்காகத் தேய்க்கவில்லை. அது உபசாரம்.

இப்போது மூன்றாவது பிழைக்கு வருகிறேன். ‘எச்சரிக்கை மணி அடிக்கப்படவில்லை’ என்று செய்தியில் இருக்கிறது. அதை வைத்துத்தான் மாடனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பெண்கள் இருவரையும் யாரும் விசாரிக்கவில்லை. மணி அடிக்கப்பட்டது. நேரம் பதினொன்று இருபது. ஏழு அடி. நான் எண்ணினேன்.

அருவிக்குள் இருந்து ஜோயல் தலையை வெளியே நீட்டினான். அவன் காது அப்படி.

“அங்கிள், என்ன சத்தம் அது?”

“சாப்பாட்டு மணி. அவசரமில்ல, குளி.”

“பி ஃப்ளாட் அங்கிள். ஒரு பொடி இறங்கியிருக்கு,” என்று சொல்லிவிட்டு, அந்தச் சுருதியை வாய்க்குள் பிடித்து முனகிக்கொண்டே மறுபடி உள்ளே போனான். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஏறுகிற சத்தம் கேட்டது. ஷாரோன் “அப்பா” என்று கூப்பிட்டாள். “வாரோம், நீங்க போங்க” என்று பதில் சொன்னேன்.

அதற்குள் தண்ணீர் தேயிலை நிறத்துக்கு வந்துவிட்டது. சருகும் குச்சியுமாக விழ ஆரம்பித்தது. இந்தப் பக்கத்துக் குழந்தைகூட அதைப் பார்த்தால் ஓடும்.

“கலர் மாறுதே அங்கிள்?”

“மூலிகை இறங்குது தம்பி. இதுக்குத்தான ஊர் ஊரா வாராங்க. நல்லாத் தலையக் குடு.”

அவன் தலையைக் கொடுத்தான். நான் துண்டு எடுக்க மேல் பாறைக்கு ஏறினேன். ஏறி நின்று திரும்பிப் பார்த்தபோது, அவன் நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது.

ஏன் அவன் என்று தாங்கள் கேட்கலாம். அவனாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மூன்றில் ஒன்று குறைந்தால் போதும். ஷாரோன் இல்லாமல் மிச்சம் இருவர். ஆனந்தவள்ளி செங்கோட்டையில் பிறந்த பிள்ளை, கலங்கல் தண்ணீரைக் காட்டி மூலிகை என்று சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். ஆகவே ஜோயல். வயசுப் பிள்ளையை இழந்த அவன் பெற்றோருக்கு இரங்கல் கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்துவிட்டது.

ஷாரோன் என்னிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டாள்.

“அப்பா, மணியப் பத்தி அவன்ட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன்,” என்றேன். மணியைப் பற்றிச் சொன்னேன் என்பது உண்மைதானே.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ஜெர்மனிப் பேச்சு நின்றுவிட்டது. ஆனந்தவள்ளி வருவதில்லை. வீடு பழையபடி நாங்கள் இரண்டு பேருமாக ஆகிவிட்டது. அவளும் மெதுவாகத் தேறி வருகிறாள், சாதகத்தை மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். தினமும் காலை பதினொன்று இருபதுக்குப் பியானோ முன்னால் வந்து உட்காருகிறாள். தாள் எதுவும் வைப்பதில்லை. பி ஃப்ளாட் என்கிற ஒரு கறுப்புக் கட்டையை மட்டும் ஒற்றை விரலால் ஏழு தடவை அழுத்துகிறாள். என்னைப் பார்க்கிறாள். பிறகு மூடிவிட்டுப் போகிறாள். எல்லாப் பெரிய வாசிப்பும் ஒரு கட்டையில் இருந்துதானே ஆரம்பிக்கிறது.

மாடனை விட்டுவிடுங்கள். அவன் வேலையை அவன் சரியாகச் செய்தான். என்னைக் கூட்டிப்போக எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், நான் எங்கும் போகமாட்டேன். பதினொன்று இருபதுக்கு மட்டும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இடது பக்கத்தில் நான் நிற்க வேண்டும். தாள் திருப்ப அவளுக்கு வேறு ஆள் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
த. பெஞ்சமின்
இலஞ்சி