ஐந்தாம் வகைக் கல்

தேநீர் ஆறிவிட்டது, பரவாயில்லை. நீங்கள் எழுதுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் வேலை கல் பிரிப்பது. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது அடியிலிருந்து உருளை உருளையாகக் கல்லை வெட்டி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். எந்தக் கல் எண்ணெயையும் வாயுவையும் எவ்வளவு ஊடுருவ விடும் என்று நான் வகை பிரித்துக் கொடுப்பேன். தோண்டுகிறவர்கள் கல்லைப் பார்ப்பதில்லை, என் தாளைத்தான் பார்ப்பார்கள்.

மூன்று வகை போதும் என்பது எங்கள் ஆய்வுக்கூடத் தலைவரின் வாதம். நான் ஐந்து என்றேன். ஐந்தாவது ஒரு கள்ளக் கல். பார்வைக்கு இறுகலாக, துளையே இல்லாதது போல இருக்கும். உள்ளே மயிரிழை வெடிப்புகள். வாயு அதில் தாராளமாக ஓடும். ஒன்பது வருடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். "யோவ், நீ கல்லுக்கே ஜாதகம் எழுதுவே போலிருக்கே" என்பார் தலைவர். கூட்டமே சிரிக்கும். தேநீர் கொண்டுவருகிறவர்கூட ஒருநாள் சிரித்தார். எரிச்சலில் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த நாட்களுக்குக் கணக்கே இல்லை.

போன மாதம் ஒரு துண்டு வந்தது. அடுத்துத் தோண்டப்போகும் கிணறு அதே அடுக்கைத்தான் துளைக்க வேண்டும். இயந்திரத்தில் வைத்து மூன்று முறை அளந்தேன். அச்சு அசலாக என் ஐந்தாம் வகை. தலைவரிடம் ஓடவில்லை; ஓடினால் சிரிப்பார். படிவத்தில் மூன்று கட்டம்தான் இருந்தது. மூன்றாவதில், 'இறுகல்' என்பதில், குறி போட்டேன். விதிப்படி நான் செய்தது சரி.

அந்தக் கிணற்றில் துளையிடும் பொறுப்பாளர் என் மனைவியின் தம்பி. அந்த அடுக்கைத் துளைப்பதற்கு முந்தைய நாள் அவனே போன் செய்தான்.

"அத்தான், அந்த அடுக்கு இறுகல்னு போட்டிருக்கீங்க. சேத்துக் கலவையோட எடையைக் குறைச்சிட்டு வேகமா இறங்கிடலாமா? சந்தேகம் ஏதும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

குழிக்குள் இறக்கும் அந்தச் சேற்றின் எடைதான் வாயுவை மேலே வரவிடாமல் அமுக்கி வைக்கிறது. அது தெரியாதவனா நான்?

"தாள்ல என்ன போட்டிருக்கோ அதான் மாப்ளே" என்றேன்.

"நீங்க சொன்னா சரி அத்தான். ஞாயித்துக்கிழமை வர்றேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க."

சொன்னேன். அவள் வாசல் விளக்குக்குப் புது பல்பு வாங்கிவரச் சொன்னாள்.

மறுநாள் காலை பத்தரைக்கு வாயு பீறிட்டுத் தீப்பிடித்தது. பதினோரு பேர், அவனையும் சேர்த்து. அவனை நான் வெறுத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தங்கமான பையன். எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது. தலைவரை ஒத்துக்கொள்ள வைக்க வேறு வழி இருந்ததா, நீங்களே சொல்லுங்கள். இப்போது படிவத்தில் ஐந்து கட்டம் போடப்போகிறார்களாம். யாரும் சிரிக்கவில்லை.

என் மேசையிலிருந்து நீங்கள் எடுத்த, ஐந்தாம் வகை பற்றிய கட்டுரையின் தேதியை நான் மறுக்கப்போவதில்லை. அவன் போன் செய்வதற்கு ஒரு வாரம் முன்பே தட்டச்சு செய்தது. கிணற்றின் எண், ஆழம், கல்லின் அளவு எல்லாம் நிரப்பிவிட்டேன். இறந்தவர்களின் எண்ணிக்கைக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். ஆராய்ச்சி செய்கிறவன் தெரியாததை ஊகித்து எழுதக் கூடாது.