உள்மடிப்பில் ஒரு பூ

— ஏங்க, மூணாவது அரண்மனை இது. முட்டி ரெண்டும் கழண்டு கையில வந்துடும் போல இருக்கு. மலையேறி வந்து ராஜா படுத்த கட்டிலைப் பார்க்கவா தையல் கடையைப் பூட்டிட்டு வந்தோம்?

— இந்த ஒரு அறையை மட்டும் பார்த்துடு. அங்க பாரு, செங்கல் வச்சு அடைச்ச வாசல்.

— அதுக்கென்ன இப்ப?

— ராஜா பொண்ணு தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டாளாம். அவ வந்து போற வாசலை அடைச்சுட்டு, கடைசிக் காலம் வரைக்கும் ராஜா இந்தச் சுவத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாராம்.

— ஓ, கதை அப்படிப் போகுதா. சுத்தி வளைக்காதீங்க. அந்த ராஜா நான்தான், அதானே?

— நான் அப்படிச் சொல்லலை.

— வேற யாரைச் சொன்னீங்க? "இனி அவ நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது"ன்னு நம்ம பொண்ணு போன அன்னிக்குக் கத்தினது நான்தான், இல்லேங்கலை. அன்னிக்கு உங்க வாயில என்ன இருந்துச்சு?

— குண்டூசி. கோட்டுக்கு ஓரம் மடிச்சுக் குத்திக்கிட்டிருந்தேன்.

— நல்லா இருக்கு உங்க நியாயம்.

— வாங்க மாஸ்டர்! எப்பவும் பஸ்ஸை விட்டு இறங்கினா நேரா பொண்ணு வீட்டுக்குத்தானே போவீங்க, இன்னிக்கு அரண்மனைப் பக்கம்?

— யாருங்க இந்தத் தம்பி?

— இங்க காவலுக்கு நிக்கிறேம்மா. உங்க பொண்ணு வீட்டுக்குப் பக்கத்து வீடு. உங்க பேத்தி போட்டிருக்கிற கவுனைப் பார்த்துட்டு, நம்ம பிள்ளைக்கும் ஒண்ணு தைக்கச் சொல்லுன்னு என் வீட்டுக்காரி ஒரே நச்சரிப்பு.

— தம்பி, கேட்டுல ஆள் நிக்குது பாரு. போ, போய்ப் பாரு.

— ஓகோ. மாசாமாசம் நூல் வாங்கப் போறேன்னு போனது இந்த ஊருக்குத்தானா?

— கோபப்படாதே. நிதானமா சொல்றேன்.

— நீங்க சொல்லித்தான் தெரியணுமா எனக்கு? வாடிக்கைக்காரர் கவுன்னு கொண்டாந்து போடுவீங்க. பட்டன் வச்சு ஓரம் தைச்சது நான்தானே? பிள்ளை வளர வளரப் பிரிச்சு விட, உள்ள நாலு விரல் மடிப்பு. ஊருக்கெல்லாம் ஒரு விரல் துணி விடவே கை வராத மனுஷன் நீங்க. நம்ம பொண்ணு சட்டைக்கு மட்டும்தான் அப்படி விடுவீங்க.

— தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேட்கலை?

— நீங்களா கூப்பிடுவீங்கன்னு இருந்தேன். நீங்க நல்ல அப்பா, நான் பொல்லாதவ. பேத்தியை நீங்க மடியில வச்சுக் கொஞ்சுவீங்க, நான் கடையில பட்டனுக்குக் காஜா எடுத்துக்கிட்டுக் கிடக்கணும். வயிறு எரியுதுங்க எனக்கு.

— தப்புதான்.

— உங்களைவிட அவ மேலதான் எனக்கு ஆத்திரம். ஒவ்வொரு கவுன்லயும் அந்த மடிப்புக்குள்ள மஞ்ச நூல்ல ஒரு பூ போட்டு அனுப்பினேன். சின்னப் பிள்ளையில அவ சட்டைக்குப் போடுவேனே, அதே பூ. என் வாயில வராததை ஊசியால சொன்னேன். மடிப்பைப் பிரிச்சவ பார்க்காமலா இருந்திருப்பா? அம்மா போட்டதான்னு ஒரு வார்த்தை கேட்கலையே, கல்நெஞ்சுக்காரி.

— கேட்டா.

— என்ன?

— முதல் கவுனைப் பிரிச்ச அன்னிக்கே கேட்டா. "அப்பா, இது அம்மா போட்டதா"ன்னு. கண்ணெல்லாம் கலங்கிடுச்சு அவளுக்கு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— உனக்கு அது கைப்பழக்கம்தானேன்னு நினைச்சேன். நீ எங்க மனசு மாறப் போற, அவளுக்கு எதுக்கு வீண் ஆசைன்னு... நான்தான் போட்டேன்னு சொல்லிட்டேன்.