பறிமுதல் ரூமிலிருந்து பூட்டு பேசறேன்

ஹலோ... ஹலோ, ஐயா? நான்தான் ஐயா, பூட்டு... ஆமா ஆமா, பறிமுதல் ரூம் ஏட்டு. நீங்க வெச்ச பேருதானே, எம் பொண்டாட்டியே இப்ப அப்படித்தான் கூப்பிடறா... உங்களுக்கென்ன, ரிட்டயர் ஆயிட்டீங்க! நான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்.

டிரான்ஸ்ஃபர் வந்துடுச்சு ஐயா... ஆமா, வீட்டுப் பக்கமே. நாளைக்கு அவளுக்கு ஆபரேஷன்... நெஞ்சுலதான். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பொறுப்பை ஒப்படைச்சாத்தான் கிளம்ப முடியும். இல்லன்னா ஆர்டரே கேன்சல். புதுசா வந்த ஏட்டு துப்பாக்கியெல்லாம் எண்ணிப் பார்த்துட்டான், சரியா இருக்கு. அந்த வாலட்டு, பென் டிரைவ் மாதிரி சின்ன டப்பா, அதுலதான் வந்து நிக்கிறான்...

அதேதான் ஐயா. ஆன்லைன் மோசடிக் கும்பல்கிட்ட புடிச்ச கிரிப்டோ காசு. வெளியில இருக்கற கூட்டாளி உருவிடுவான்னு, ராத்திரியோட ராத்திரியா நம்ம ஸ்டேஷன் வாலட்டுக்கு மாத்தி, நீங்களே பின் நம்பரும் போட்டீங்களே... "உள்ள இருக்கான்னு தொறந்து காட்டு, அப்புறம் கையெழுத்து"ங்கறான்... அவன் கேக்கறதும் நியாயம்தானே? காலி டப்பாவை வாங்கிட்டு நாளைக்கு அவன் கம்பி எண்ணணுமா?

...மெதுவாத்தான் பேசறேன். புதுசாப் போட்ட கிரில் கதவுக்கு அந்தப் பக்கமே நிக்கிறான்.

போட்டுப் பார்த்தேனே! உங்க பொறந்த வருஷம்... தப்பு. உங்க பழைய ஜீப் நம்பர்... அதுவும் தப்பு... திட்டாதீங்க ஐயா! மூணாவதும் தப்பானா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சுடுமாம்... பின் மறந்தா காசைத் திரும்ப எடுக்கற மீட்பு வார்த்தை எழுதின சீட்டா? அதைத்தான் அப்பவே கரையான் தின்னுடுச்சே! நாம ரெண்டு பேரும் சேர்ந்துதானே மூடி மறைச்சோம்!... சரி, சரி, கத்தல.

யோசிங்க ஐயா. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்...

என்னது? பின் நம்பரைக் கீறி வெச்சீங்களா? அட சாமி, வயித்துல பாலை வார்த்தீங்க! எங்க?... இதே ரூம்லயா? ஆமா... ஆமா... ரெண்டாவது அலமாரி... துருப்புடிச்ச நாட்டுத் துப்பாக்கி... பிடியில இருக்கற கட்டையைக் கழட்டினா, உள்ள இரும்புல, ஆணியால...

...

இருக்கேன் ஐயா. லைன்லதான் இருக்கேன்.

கேஸ் துப்பாக்கியை எவனும் தொடமாட்டான்னு அங்க வெச்சீங்க... சரிதான். ஆனா கேஸ் முடிஞ்சு போச்சு ஐயா. அழிச்சுடுங்கன்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஒப்படைக்கறப்ப பாரம் குறையட்டுமேன்னு நான்தான் நாயா அலைஞ்சு அந்த ஆர்டரை வாங்கினேன். போன மாசம் பட்டறைக்கு நானே கூடப் போய், உருகி முடியற வரைக்கும் நின்னு பார்த்தேன்...

அழிக்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவா? வெளிப்பக்கம்தான் எடுப்போம். பிடிக்குள்ள என்ன இருக்குன்னு யாரு பார்த்தா?

...அந்த இரும்பா? அது எங்க போனா என்ன இப்ப... இங்கதான் இருக்கு. ரூமுக்கு உறுதியா ஒரு கதவு வேணும்னு நான்தான் கேட்டு, உருக்கின அந்த இரும்பையும் சேர்த்து அடிக்கச் சொன்னேன்... ஆமா ஐயா, இந்தக் கிரில்தான். இதைப் புடிச்சிக்கிட்டுதான் நிக்கிறேன்.

...ஐயா, வெச்சுடாதீங்க. இன்னொரு கால் வருது... எம் பொண்டாட்டி. கிளம்பிட்டீங்களான்னுதான் கேப்பா. நான் என்ன சொல்லட்டும்?

ஐயா?... ஐயா? ஹலோ...