செல்வியின் போணி

விளக்கு வைத்து முடித்த நேரம். மரக்காணத்தைத் தாண்டி, ஈ.சி.ஆர். சாலையிலிருந்து உப்பளத்துக்குள் இறங்குகிற மண்பாதை. இரண்டு பக்கமும் பாத்திகள்… நடுவில் ஒரே ஒரு ஸ்கூட்டியின் வெளிச்சம். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஸ்கூட்டியில் போனவள், இதோ நம்மோடு உட்கார்ந்திருக்கிற ஜான்சனின் பெரியம்மா மகள், சகாயமேரி.

உப்பு வியாபாரி அப்துல் கையூம் பாயின் அலுவலகத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அங்கே ஒரு சர்வர் உண்டு. எடைமேடையில் லாரி ஏறியதும், எடை போடுகிற மணிகண்டன் தன் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து எடையைத் தட்டுவான். அது அலுவலக சர்வருக்குப் போய், எடைச்சீட்டாகத் திரும்பி வரும்.

இதையெல்லாம் அமைத்தவள், சகாயமேரிக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த ஆரோக்கியசெல்வி. போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். ஆனால் அவள் பெயர் போகவில்லை. செல்வி கைராசிக்காரி என்பது பாயின் நம்பிக்கை. அதனால் காலையில் போணிச் சீட்டை இன்றும் அவள் பெயரில் நுழைந்துதான் போட வேண்டும். கடவுச்சொல் மணிகண்டனுக்குத் தெரியும். ஒருமுறை நுழைந்துவிட்டால், வெளியே வந்து வேறு பெயரில் நுழைய யாருக்குப் பொறுமை? நாள் முழுக்க எல்லாச் சீட்டின் அடியிலும் 'ஆரோக்கியசெல்வி'.

சகாயமேரிக்கு வயிறு எரியும். ராத்திரி பகல் பார்க்காமல் உழைக்கிறவள் இவள். பெயர் அவளுக்கு. ஒரே ஒரு போணிச் சீட்டிலாவது தன் பெயர் விழாதா என்று ஏங்குவாள்.

அன்று மதியம் சர்வர் நின்றுவிட்டது. லாரிகள் வரிசையாக நின்றன. ஏதோ செய்து ஓட வைத்தாள். மணிகண்டன் சும்மா இருந்தானா?

"செல்வி இருந்தவரைக்கும் ஒரு நாளாவது நின்னிருக்குதா? செத்தும் அவதாம்மா வேல பாக்குறா. நீ சம்பளம் வாங்குற."

சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டிருக்க, சர்வரை முழுசாகச் சரிசெய்யத்தான் சாயங்காலம் மறுபடி அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

சர்வர் ஏன் நின்றது? அதைச் சொல்லிவிடுகிறேன், சுலபம்தான். சர்வருக்கு ஒரு வேலை கொடுக்கலாம்: யாராவது உள்ளே வர முயன்று மறுக்கப்பட்டால், அல்லது கேட்டது வந்து சேரத் தாமதமானால், அதைப் பற்றி ஒரு கோப்பு எழுதி வை. வந்தது யார், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எந்த இடத்தில் தடைப்பட்டது… எல்லாம் அதில் இருக்கும். ட்ரேஸ் ஃபைல் என்பார்கள். பழுது கண்டுபிடிக்க அருமையான வழி. ஆனால் பழுது தீர்ந்ததும் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால், பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறுகிற மாதிரி கோப்புகள் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் ஒரு சீட்டு எழுதக்கூட டிஸ்கில் இடம் இருக்காது. செல்வி தொடங்கிவிட்டுப் போனாள். யாரும் நிறுத்தவில்லை.

சகாயமேரி, சர்வர் இருக்கிற தன் அறையைத் திறந்தாள். உள்ளே ஏசியின் முணுமுணுப்பு. மழையில் நனைந்த தலைமுடி போல ஒரு வாடை… வெளியே மழையே இல்லை.

கோப்புகளைத் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே பெயர். செல்வி, செல்வி, செல்வி. எரிச்சலில் ஒரு தப்புச் செய்தாள். முதலில் ட்ரேஸ் எழுதுவதை நிறுத்தி, பிறகு அழிக்க வேண்டும். அவள் நிறுத்தவில்லை. அப்படியே மொத்தத்தையும் அழித்தாள். அதோடு விட்டாளா? செல்வியின் கணக்கையும் முடக்கினாள்.

"நாளைக்கு யார் பேர்ல போணி போடுறீங்கன்னு பாக்குறேன்."

கோப்புறை காலி. டிஸ்கில் தாராளமாக இடம். நாற்காலியில் சாய்ந்தாள்.

அப்போது… காலியான கோப்புறையில் ஒரு கோப்பு விழுந்தது.

திறந்தாள். 'ஆரோக்கியசெல்வி. கணக்கு முடக்கம். அனுமதி இல்லை.'

மணிகண்டன்தான் என்று நினைத்தாள். போன் போட்டாள்.

"அண்ணே, செல்வியக்கா பேர்ல எதுக்கு உள்ள வர்றீங்க?"

"நானா? பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டிருக்கேம்மா. எடைமேடை ரூமைப் பூட்டி, மெயினையே ஆஃப் பண்ணிட்டுதானே வந்தேன்?"

அதற்குள் இன்னொரு கோப்பு. பிறகு இன்னொன்று. எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்று பார்த்தாள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் உண்டு. ஒரு கம்ப்யூட்டர் தன்னையே குறிப்பிட ஒரு தனி எண் இருக்கிறது. 'நானேதான்' என்று அர்த்தம். கோப்பில் இருந்தது அந்த எண்.

அதாவது, அவள் முன்னால் இருக்கிற இதே சர்வர்.

விசைப்பலகையில் கை வைத்தாள். ஈரம். நாக்கில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை, விரல் பிசுபிசுத்தது. உப்பு நீர்.

இங்கேதான் வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அவளை ஓடவிடாமல் உட்கார வைத்தது பயம் இல்லை… பொறாமை. செத்த பிறகும் விட மாட்டேன் என்கிறாளே!

"இது என் எடம்க்கா," என்று அறையைப் பார்த்துக் கத்தினாள். "என் பேருதான் இனிமே. போயிடு."

ஏசி நின்றது.

பிறகு ஒரு கோப்பு. திறந்தாள். பெயர் மாறியிருந்தது.

'சகாயமேரி. கடவுச்சொல் தவறு.'

இன்னொன்று. 'சகாயமேரி. கடவுச்சொல் தவறு.'

இன்னொன்று… நிதானமாக, யோசித்து யோசித்துத் தட்டுவது போல.

அப்புறம் வரவில்லை. காத்திருந்தாள். கோப்புறை அசையவில்லை. அப்பாடா, போய்விட்டாள் என்று மூச்சு விட்டாள்.

நான் முன்னமே சொன்னேன் அல்லவா, மறுக்கப்பட்டாலோ தாமதமானாலோதான் கோப்பு விழும் என்று? கோப்பு விழுவது நின்றால் தட்டியவள் போய்விட்டாள் என்று மட்டுமா அர்த்தம்? கதவு திறந்துவிட்டது என்றும் இருக்கலாம்.

அது சகாயமேரிக்கு உறைத்தபோது, அவள் தோளுக்குப் பின்னால் அந்த ஈர வாடை வந்து நின்றது. எழுந்தாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. ஸ்கூட்டி எப்படி ரோட்டுக்கு வந்தது என்று அவளுக்கு இன்றும் தெரியாது.

விடிந்ததும் கையூம் பாய் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"மாஷா அல்லாஹ்! சகாயம், இன்னிக்கு உன் பேர்லதான் போணிம்மா. பாண்டி பார்ட்டி மொத்த லோடையும் எடுத்துக்கிட்டான். நல்ல கைராசிம்மா உனக்கு. செல்வியே தோத்துட்டா, போ!"

அவள் படுக்கையிலிருந்து எழுந்துகூட உட்காரவில்லை.

"பாய்… நான் இன்னும் வீட்டுலதான் இருக்கேன்."

போனில் பாயின் செருப்புச் சத்தம் நாலு அடி நகர்ந்து நின்றது.

"வெளையாடாதம்மா," என்றார் மெதுவாக. "உன் ரூம் வாசல்லதான் நிக்கிறேன். உள்ள தாப்பா போட்டிருக்க. நீ கீபோர்டு தட்டுற சத்தம் வெளிய வரைக்கும் கேக்குது… தொறயேம்மா."