மதுரையில் திறந்த பக்கம்

டெலானிபூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். காலையிலிருந்து தீவு முழுக்க இன்டர்நெட் இல்லை. போனில் பேச மட்டும் முடிந்தது.

"நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன்க்கா. ரத்தம் வேணும்னு நம்ம தீவுக்காரங்க சைட்ல நேத்து போட்டேன். பதில் வந்துச்சான்னு பார்க்க முடியல. சைட்டே செத்துப்போச்சு."

"சாகலடி. அது இருக்கிற மிஷின் சென்னையில. கடலுக்கடியில கேபிள் அறுந்ததால நமக்குத்தான் தெரியாது. மெயின்லேண்ட்காரன் இப்பவும் ஜாலியா படிப்பான்."

"நம்ம சைட்டை அவங்க பார்ப்பாங்க, நாம பார்க்க முடியாதா? க்யா மஜாக் ஹை, என்ன கூத்து இது!"

சொன்னவள் சட்டென்று மதுரையிலிருக்கும் தங்கையை அழைத்தாள். "ஏய், அந்த சைட்டைத் திற. என் பதிவுக்குக் கீழ யாராச்சும் எழுதியிருக்காங்களா, படி."

கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டாள்.

"அக்கா, ரத்தம் தரேன்னு நேத்தே எழுதினவர் வீடு இதோ இந்த மரைன் ஹில்லாம்! டிரைவர் பாய், ரோக்கோ, நிறுத்துங்க!"